மோனோவை: ஒருவர் மட்டும் வாழ்ந்த ஊரில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை

ஒமாகாவில் வசிக்கும் உறுப்பினர்:

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகோடியில், பாய்ட் மாவட்டத்தில் உள்ள மோனோவைக்கு 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவியும் சென்றுவந்தோம். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் சட்டப்படி ஊராட்சித் தகுதி பெற்ற ஊர்களில் ஒரே ஒருவர் வாழ்ந்த ஊர் இது மட்டுமே. 12ஆம் எண் நெடுஞ்சாலையில் நின்ற பச்சைப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே '1' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு மைல் போக வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊரைக் கடந்துவிட்டோம்.

பாழடைந்த வீடுகளையும் கூரை சரிந்த பழைய தேவாலயத்தையும் பார்த்தபோது, ஆள் அரவமற்ற ஓர் இடத்துக்கு வந்துவிட்டோம் என்றே தோன்றியது. ஆனால் மோனோவை டாவர்ன் என்ற அந்த மதுக்கடையின் வாசலில் ஏழெட்டு பிக்கப் வண்டிகள் நின்றிருந்தன. உள்ளே எங்களுக்கு உட்கார இடமில்லை. சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் சீட்டாடிக்கொண்டும் மாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருக்க, எண்பது வயதைக் கடந்த எல்சி ஐலர் அடுப்படியில் ஹாம்பர்கர் சுட்டுக்கொண்டிருந்தார். ஊரின் ஒரே குடிமகள், மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர், கடைக்காரர் எல்லாம் அவரேதான்.

இந்தப் பட்டியலை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு வியப்பளித்தது அதன் பின்னாலுள்ள காகித வேலை. மாநில அரசின் நிதியைப் பெற, ஆண்டுதோறும் ஊருக்கான சாலைத் திட்டம் ஒன்றை அவர் தயாரிக்க வேண்டியிருந்தது. நான்கு தெருவிளக்குகளுக்காகவும் தண்ணீருக்காகவும் அவர் தமக்குத் தாமே ஏறத்தாழ 500 டாலர் வரி விதித்துக்கொண்டார். தேர்தல் வந்தால் அறிவிப்பைத் தம் கடையிலேயே ஒட்டி, தமக்கே வாக்களிப்பார். மதுக்கடை உரிமத்துக்கான தாள்கள் ஊர் எழுத்தருக்கு அஞ்சலில் வந்தால், அவற்றைப் பிரிப்பவரும் விண்ணப்பித்தவரும் ஒருவரே. இதை விளையாட்டாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

1902இல் உருவான மோனோவையில் 1930களில் ஏறத்தாழ 150 பேர் வாழ்ந்தார்கள். ரயில்கள் அங்கே நின்று சென்றன, மளிகைக் கடைகள் இருந்தன. பண்ணை வேலை இயந்திரங்களின் கைக்குப் போனபின் இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றார்கள். தேவாலயத்தில் கடைசியாக நடந்த இறுதிச் சடங்கு 1960இல் எல்சியின் தந்தையாருக்கானது. 1974இல் பள்ளியும் மூடப்பட்டது. எல்சியும் அவருடைய கணவர் ரூடியும் தந்தையாரின் மதுக்கடையை 1971இல் மீண்டும் திறந்தார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருவர் மட்டுமே மிஞ்சினர். 2004இல் ரூடி காலமானார்.

ரூடி பெரும் வாசகர். அவர் சேர்த்துவைத்த ஏறத்தாழ 5,000 புத்தகங்கள் கடைக்கு அருகிலுள்ள ஒரு சிறு கொட்டகையில் 'ரூடியின் நூலகம்' என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நின்றபோது பழைய தாளின் வாசனையும் புல்வெளிக் காற்றின் ஓசையும் தவிர வேறொன்றும் இல்லை. கால் மணி நேரம் என்று போன என் மனைவி ஒரு மணி நேரம் கழித்தே வெளியே வந்தார்.

சூ சிட்டியில் வசிக்கும் உறுப்பினர்:

நண்பருக்குக் கிடைத்த பேறு எனக்குக் கிடைக்கவில்லை. 2018 கோடையில், கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை அறியாமல் அன்றே போய்ச் சேர்ந்தேன். பூட்டிய கதவின் முன்னால் நின்றுவிட்டு, ஏழு மைல் மேற்கிலுள்ள லிஞ்ச் என்ற ஊருக்குச் சென்று பசியாறினேன். மறு ஆண்டு மார்ச்சில் பனிக்கட்டிகளோடு வந்த வெள்ளத்தில் நயோப்ரரா ஆற்றின் ஸ்பென்சர் அணை உடைந்து, 12ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. நான் கிழக்கிலிருந்து வந்த வழியே இல்லாமல் போயிற்று. அந்த வட்டாரத்தில் ஒரு பாலம் போனால் மாற்றுவழி பல மைல் சுற்று என்பது அப்போதுதான் புரிந்தது.

புள்ளியியல் துறையில் பணியாற்றும் உறுப்பினர்:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மோனோவையின் மக்கள்தொகை இரண்டு என்று வெளியானது. யாரும் புதிதாகக் குடியேறவில்லை. தனிநபர்களின் விவரங்கள் வெளிப்படாமல் காக்க, ஊர்கள், நகரங்களின் எண்களில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு மாற்றங்களைப் புகுத்துகிறது. பெரிய நகரங்களில் அது கண்ணுக்கே தெரியாது. மோனோவையிலோ ஊரே இரட்டிப்பாகிவிட்டது. உலகமெங்கும் செய்தித்தாள்களில் படம் வந்த ஒரு பெண்மணியின் அந்தரங்கத்தைக் காக்க நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் என்று அலுவலகத்தில் இன்றும் சிரித்துக்கொள்வோம்.