பொது வழியில் காரை நிறுத்தும் தரைத்தள வீட்டுக்காரர்: சட்டப்படியும் நடைமுறையிலும் என்ன செய்யலாம்? (கிருஷ்ணகிரி)

ரெண்டாம்மாடி_ராயக்கோட்டைரோடு கேட்டது:

வணக்கம். தரைத்தளம், மேலே இரண்டு மாடி, மொத்தம் ஆறு வீடு. ஆறு பேருக்கும் தனித்தனிப் பத்திரம், யாரும் வாடகைக்கு இல்லை. சங்கம் எதுவும் பதிவு செய்யவில்லை.

கேட்டிலிருந்து பின்பக்கம் வரை 11 அடி அகலம், 52 அடி நீளத்துக்குப் பொது வழி. கேட்டிலிருந்து 15 அடியில் சம்ப். 30 அடி தாண்டினால் இடது பக்கம் வண்டி ஷெட், வாய் 8 அடி. ஷெட்டைத் தாண்டி வழி ஒரு 14 அடி முட்டுச் சந்து மாதிரிப் போய் நிற்கும். அங்கே எல்லா வீட்டு உடைந்த பீரோவும் பூந்தொட்டியும் கிடக்கிறது.

தரைத்தளத்து அண்ணன் ஸ்விஃப்டை ஷெட்டுக்குள் விடாமல் வழியிலேயே சுவரை ஒட்டி நிறுத்துகிறார். முதல் மாடி ஆல்டோ உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாது. மாங்காய் சீசனில் அவர் தம்பியின் பிக்கப் லோடோடு ராத்திரி முழுக்க சம்ப் மூடி மேலேயே நிற்கும். தண்ணி டிராக்டர் வந்தால் ஓஸ் எட்டாது. ஞாயிறானால் கேட்டுக்கு வெளியே 20 அடி ரோட்டில் கேஏ (கர்நாடகா) நம்பர் சொந்தக்காரர் கார் வேறு.

சண்டைக்கு வரும் ஆள் இல்லை. "இதோ எடுத்துடறேன்"னு சொல்லுவார், எடுக்க அரை மணி ஆகும். போலீஸில் சொன்னால் வண்டியை எடுப்பார்களா? நாங்களே கோடு போட்டால் செல்லுமா?

---

பத்திர_எழுத்து பதில்:

இதில் இரண்டு விவகாரம் கலந்து கிடக்கு. கேட்டுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே வேறு சட்டம்.

முதலில் உள்ளே. உங்க பத்திரத்தில் 'அ' அட்டவணையில் மொத்த மனை, 'ஆ' அட்டவணையில் உங்க வீடும் பிரிபடாத பாகமும் (மனையில் உங்க பங்கு) இருக்கும். அதன் கீழே பொது வழி, படிக்கட்டு, சம்ப், மொட்டை மாடி பற்றி ஒரு பத்தி வரும். வழியின் அகலமும் "அனைவரும் தடையின்றி அனுபவித்துக்கொள்ள" என்கிற மாதிரி வாசகமும் இருக்கான்னு பாருங்க. அடுத்து தரைத்தளத்துக்காரர் பத்திரத்தின் சான்றிட்ட நகல். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் இலவசமாப் பார்க்கலாம், அதில் ஆவண எண் கிடைக்கும், அதை வைத்து நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சில பில்டர்கள் ஒரே ஒரு பத்திரத்தில் மட்டும் "கார் நிறுத்தும் உரிமை"ன்னு ஒரு வரி சேர்த்து வைத்திருப்பாங்க. அது தெரியாம பேச உட்கார்ந்தா பாதியில் பேச்சு நின்னுடும்.

மூன்றாவது, அனுமதி பெற்ற வரைபடம். பில்டரிடம் இல்லைன்னா நகராட்சியில் (ஊராட்சி எல்லைன்னா அங்கே) தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டிக் கேளுங்க. 30 நாளில் பதில் வரணும். வாகனம் நிறுத்த எந்த இடம், வழி எது என்பது அதில் தனித்தனியா இருக்கும்.

பில்டர் பொது இடத்தைத் தரைத்தளத்துக்காரருக்கே வித்துட்டார்னு தெரிய வந்தால் உடனே 2010ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லுவாங்க. தூண் தளத்து நிறுத்துமிடத்தைத் தனியா விற்க முடியாதுன்னு சொன்னது சரிதான், ஆனா அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னது. அப்படியே தூக்கி வைக்க முடியாது. ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போங்கன்னும் சொல்லுவாங்க. எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கு ரெரா பதிவே கட்டாயம் இல்லை, அதனால் ஆறு வீட்டுக்காரங்க அங்கே அலைவது வீண்.

---

காத்தாடி_29 பதில்:

எதுக்கு இவ்வளவு? ராத்திரி நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விடுங்க. மறுநாள்ல இருந்து ஷெட்டுக்குள்ள போயிடும்.

---

ஸ்டேஷன்_வாசல் பதில்:

@காத்தாடி_29 காற்றைப் பிடுங்கினா மறுநாளும் வண்டி அதே இடத்தில்தான் நிற்கும், பஞ்சர்க்காரர் வர வரைக்கும். டயர் கிழிஞ்சாலோ கீறல் விழுந்தாலோ சொத்துச் சேதம்னு பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 324ல் உங்க மேல புகார் வரும். அதுக்கப்புறம் அவர் குற்றம் மறைஞ்சு உங்க குற்றம் முன்னாடி நிற்கும்.

கேள்வி கேட்டவருக்கு: காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டியைப் போக்குவரத்து போலீஸ் இழுத்துட்டுப் போக மாட்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவு பொது இடத்தில் இடைஞ்சலா நிறுத்துவதைப் பத்தியது. பொது இடம்னா பொதுமக்களுக்கு உள்ளே போக உரிமை உள்ள இடம். உங்க 11 அடி வழி ஆறு வீட்டுக்குப் பொது, ஊருக்குப் பொது இல்லை.

உள்ளே ஸ்டேஷனால் ஆகக்கூடியது கூப்பிட்டுப் பேசுவதுதான். ஒருத்தரை அவர் போக உரிமையுள்ள வழியில் தடுத்தால் சன்ஹிதா 126 இருக்கு. ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனா அதிலேயே விதிவிலக்கும் இருக்கு: தனியார் வழியை அடைக்கத் தனக்கு உரிமை உண்டுன்னு நல்லெண்ணத்தோட நம்பினவர் அதில் மாட்ட மாட்டார். "என் பத்திரத்துல பார்க்கிங் இருக்கு"ன்னு அவர் ஒரு காகிதத்தை நீட்டினா, "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு எழுதி முடிச்சுடுவாங்க. பத்திர_எழுத்து சொன்ன நகல் கையில் இருந்தால்தான் ஸ்டேஷன் படி ஏறுவதில் அர்த்தம்.

வெளியே நிற்கும் கேஏ கார் கதை வேறு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பாங்க, அது பொது ரோடு. கேட்டை அடைச்சு நின்றால் 122 பொருந்தும். தமிழ்நாட்டில் முதல் முறை 500, அடுத்த முறை 1,500 ரூபாய். நம்பர் பிளேட்டும் உங்க கேட்டும் ஒரே படத்தில் தெரியுற மாதிரி எடுங்க. வெறும் பின்பக்கத்தை எடுத்து அனுப்பினா எங்கே நிற்குதுன்னே தெரியாது. நோயாளியை ஏத்த வண்டி வெளியே வர முடியலைன்னா 100க்குப் போடுங்க. மற்ற நாளில் பீட் காவலரிடம் சொன்னாலே போதும். அடிக்கடி நடந்தா நகராட்சிக்கு எழுத்து மனு, அதன் நகலோட திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். மனு எண் இல்லாம திரும்பி வராதீங்க.

---

மேஸ்திரி_பழையபேட்டை பதில்:

எல்லாரும் சட்டம் பேசறீங்க. அளவைப் பார்த்தா வேற கதை தெரியுது.

11 அடின்னா 3.35 மீட்டர். ஸ்விஃப்ட் கண்ணாடி சேர்க்காம 1.73 மீட்டர் அகலம். சுவர்ல இருந்து அரை அடி தள்ளி நின்னா மிச்சம் 1.47 மீட்டர். ஆல்டோ 1.49. அதான் போகல. பைக் போயிடும், அதனால பைக் வெச்சிருக்கிற வீட்டுக்காரங்க யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. உங்க பக்கம் ஆள் சேராததுக்குக் காரணம் இதுதான்.

அவர் ஏன் ஷெட்டுல விடறதில்லன்னு யாராச்சும் கேட்டீங்களா? 11 அடி வழியில வந்து தொண்ணூறு டிகிரி திரும்பி 8 அடி வாய்க்குள்ள ஸ்விஃப்ட நேரா ஏத்தவே முடியாது. ஒரே திருப்பில் முன்பக்கமா நுழைய ஸ்விஃப்டுக்கு வாய் 11 அடி, ஆல்டோவுக்கு 10 அடியாவது வேணும். ஆல்டோக்காரர் எப்படி விடறார்னா, ஷெட்டைத் தாண்டிப் போய் பின்னாடி வந்து, நாலஞ்சு தடவை முன்னபின்ன அசைச்சு ஏத்தறார்னு நினைக்கறேன். தரைத்தளத்து அண்ணன் அதுக்கு சோம்பல்பட்டு வழியிலேயே விட்டுடறார்.

வழி என்னன்னா அந்த 14 அடி முட்டு. ஸ்விஃப்ட் நீளம் 3.86 மீட்டர், அதாவது 12 அடி 8 அங்குலம். பீரோவையும் தொட்டியையும் தூக்கிட்டா அது அங்க நேரா உள்ளே போய், நேரா பின்னாடி வந்துடும். ஆனா இதுல ஒரு சிக்கல்: முட்டு அடைஞ்சுட்டா ஆல்டோவுக்குப் பின்னாடி ஏத்த இடம் இருக்காது. அதனால ஷெட் வாயை 10 அடியா அகலப்படுத்தணும். வாயோட ஓரத்துல இருக்கறது வெறும் ஒத்தைச் செங்கல் சுவரா, மாடியத் தாங்கற தூணான்னு பாருங்க. தூண்னா கை வைக்கக்கூடாது. செங்கல்தான்னா 2 அடி எடுத்து, மேல ஷீட்டைத் தாங்க இரும்பு பைப் ஒண்ணு கொடுத்தா முடிஞ்சது.

இடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டியையும் காலி இடத்துல சாக்கட்டியும் செங்கல்லும் வெச்சு ஓட்டிப் பாருங்க. காகிதத்துல சரியா வரும், ஓட்டறவர் கை வேற மாதிரி.

அப்புறம் சம்ப். பாரம் ஏத்தின பிக்கப் மூணு டன்னை நெருங்கும், அதுல பெரும்பங்கு பின் சக்கரத்துல. வீட்டு சம்ப் மூடிச் சிலாப் பல இடத்துல ஆள் நடக்கற அளவுக்குத்தான் கம்பி கட்டிப் போட்டிருப்பாங்க. முதல்ல அடிப்பக்கம் மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். மேல இருந்து தெரியாது, மூடியத் தொறந்து டார்ச் அடிச்சா தெரியும். துருக் கறை இறங்கியிருந்தா பிக்கப்ப மட்டுமில்ல, காரையும் சம்ப் மேல விட வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கு மூடி மாத்தறப்ப எல்டி-2.5ங்கற லேசான தர மூடி வாங்காதீங்க. வண்டி போற வழிக்கு எம்டி-10 வேணும், பத்து டன் தாங்கும். மூடி மட்டும் பலமா இருந்து சுத்தியிருக்கற சிலாப் பலவீனமா இருந்தாலும் பிரயோஜனமில்ல.

---

ரெண்டாம்மாடி_ராயக்கோட்டைரோடு:

@மேஸ்திரி_பழையபேட்டை ஆல்டோ நீங்கள் சொன்னபடிதான் ஏறுகிறது. ஷெட் ஓரம் செங்கல் சுவர்தான், மேலே ஷீட். கோடு போட என்ன பெயிண்ட்? வழி சிமெண்ட் தரை, சம்ப் பக்கம் மட்டும் பேவர் பிளாக். பேசி முடிவானதை எப்படி எழுதி வைப்பது?

---

மேஸ்திரி_பழையபேட்டை பதில்:

வீட்டுக்கு அடிக்கற எனாமல் வேண்டாம், டயர் சூட்டுல உரிஞ்சு வரும். ரோட் மார்க்கிங் பெயிண்ட்னு கேளுங்க. ஆயில் கறை இருந்தா முதல்ல சோப்புத் தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. தரை வழுவழுன்னு இருந்தா உப்புக் காகிதம் போட்டுச் சொரசொரப்பாக்கணும். 4 அங்குல அகலத்துக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு கோட். உங்களுக்கு ஒரு லிட்டரே மிஞ்சும். புதுசா பூசின தரைன்னா 28 நாள் பொறுங்க. பேவர் மேல பெயிண்ட் நிக்காது, கல் அசையற இடத்துல உடைஞ்சுடும். அங்க சாம்பல் கல்லை எடுத்துட்டு மஞ்சள் கல் வெச்சுடுங்க.

சம்ப் மேல சங்கிலி, பூட்டு, கான்கிரீட் கம்பம் எதுவும் வேண்டாம். தண்ணி டிராக்டருக்கும் 108க்கும் அதே வழிதான். முட்டுக் கடைசியில ரப்பர் வீல் ஸ்டாப்பர் ரெண்டு போதும். கார் முன்பக்கமா போய் நிக்கறதால, சுவர்ல இருந்து முன் டயர் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு வண்டிய நிறுத்தி அளந்துட்டு போல்ட் அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி கீழே பைப் போகுதான்னு பார்த்துக்குங்க. நிறைய பேர் அங்கதான் டிரைனேஜ் பைப்பை ஓட்டை போட்டுடறாங்க.

---

பத்திர_எழுத்து பதில்:

கோடு போடறதுக்கு முன்னாடியே எழுதுங்க. ஆறு உரிமையாளர்களும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் வெளியூர்னு விட்டுட்டா பின்னால் அவரே தகராறுக்கு வருவார். பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தா இருவருமே. கூடவே அளவு போட்ட கைவரைபடம் ஒன்று.

வாசகம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்: முட்டு இடம் தரைத்தள வீட்டுக் காருக்கு *நிறுத்திக்கொள்ள மட்டும்*, நிலத்தில் உரிமை எதுவும் மாறவில்லை, வீட்டை விற்றால் இந்த ஏற்பாடு புதியவருக்குத் தானாகப் போகாது, மறுபடி பேசணும். "ஒதுக்கப்பட்டது", "சொந்தம்" மாதிரி வார்த்தை வேண்டாம். சரக்கு வண்டி ஏற்ற இறக்க எவ்வளவு நேரம் நிற்கலாம், சம்ப் மேலே எப்போதும் நிற்கக்கூடாது, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேருங்க. சாவி விஷயத்தைப் பலர் விட்டுடுவாங்க. அவர் ஊருக்குப் போற நாளில்தான் அது தேவைப்படும்.

மோட்டார் ரிப்பேர், மாடி ஒழுகல்னு நாளைக்கு எல்லாத்துக்கும் கையெழுத்து வேட்டை ஆடாம இருக்கணும்னா சங்கம் பதிவு செய்வது நல்லது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலா இப்போ தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இருக்கு. வண்டி நிறுத்தும் விதியைத் துணைவிதியிலேயே எழுதிக்கலாம்.

அவர் எதுக்கும் ஒத்து வரலைன்னா நேரா வழக்குப் போடாதீங்க. கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்க, கட்டணம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிடுவாங்க. சமரசம் ஆனா மக்கள் நீதிமன்றத் தீர்வா எழுதிக் கொடுப்பாங்க, அதுக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கேயும் வராம போனால்தான் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக் கட்டளை (வழியை அடைக்கக்கூடாதுன்னு கோர்ட் போடும் தடை உத்தரவு) கேட்டு வழக்கு. அப்போ வழக்கறிஞர் ஆணையர் ஒருத்தரை நேரில் வந்து அளந்து அறிக்கை தரச் சொல்லிச் சேர்த்துக் கேளுங்க. போட்டோவை விட அந்த அறிக்கைக்குக் கோர்ட்டில் கனம் ஜாஸ்தி.

---

முதல்மாடி_மல்லிகை பதில்:

ஒன்று விட்டுப்போச்சு. பீரோவும் தொட்டியும் யாருடையதுன்னு முதலில் கேட்டு எடுக்கச் சொல்லுங்க. அவர் கார் பொது இடத்தில் நிற்பது தப்புன்னு நீங்க பேச ஆரம்பிச்சா, "உங்க பீரோ மட்டும் பொது இடத்துல இருக்கலாமா?"ன்னு முதல் கேள்வியே அதுவாத்தான் வரும். ஆறு வீடும் தங்கள் சாமானை எடுத்துட்டு, அதுக்கப்புறம் கூட்டம் போடுங்க. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி, அதாவது ஏப்ரலுக்குள்ள பேசிடுங்க. லோடு ஓடும்போது பிக்கப்பை எங்கே நிறுத்தறதுன்னு அவர் தம்பியால யோசிக்க முடியாது.