"முதுமை எப்போது தொடங்குகிறது?", "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி?" – கள ஆய்வில் இதை எப்படிக் கேட்பது?

கேள்வி (முதுகலை, சமூகவியல்):
வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் 60 பேரிடம் கள ஆய்வு. 18–29, 40–55, 65க்கு மேல் என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு 20 பேர். இரண்டு விஷயம் கேட்கிறோம்: முதுமை எந்த வயதில் தொடங்குகிறது? இன்றைய பிள்ளைகள் முன்புபோல வாசிக்கிறார்களா? முன்னோட்டத்தில் 10 பேரிடம் கேட்டோம். முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் "அறுபது" என்றார்கள், இரண்டாவதற்கு எல்லோருமே "எங்க வாசிக்கிறாங்க?" என்றார்கள். கேள்வியில் தவறா, இல்லை உண்மையே இதுதானா?

பதில் 1:
கேள்வியில்தான் தவறு. 60 என்பது அவர்கள் சொன்ன பதில் இல்லை, அரசாங்கம் சொன்ன பதில். 2007 மூத்த குடிமக்கள் சட்டம், வருமான வரி இரண்டுமே 60ஐ வைத்திருக்கின்றன. தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயதும் 2020இல் 58லிருந்து 59, 2021இல் 60 ஆயிற்று. எண் வந்ததும் "ஏன் அந்த வயது?" என்று கேளுங்கள். ஓய்வு, பென்ஷன் என்று காரணம் சொன்னால் அதைத் தனிக் குறியீட்டில் போடுங்கள். சராசரி எடுக்காதீர்கள், இடைநிலை (எல்லா எண்ணையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுங்கள். 20 பேரில் ஒருவர் "தொண்ணூறு" என்றாலே சராசரி நகர்ந்துவிடும்.

வார்த்தையும் முக்கியம். "பெரியவர்" மரியாதைச் சொல், வயதைக் காட்டாது. "பாட்டி" உறவு நிலை: சீக்கிரம் கல்யாணமான வீட்டில் 42 வயதிலேயே பேரன் இருப்பான். அதனால் "முதுமை" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பஸ் கண்டக்டர், கடைக்காரர் மாதிரி முன்பின் தெரியாதவர்கள் உங்களை எந்த வயதிலிருந்து ஐயா, தாத்தா, பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பார்ப்பவர் கண்ணும் பார்க்கப்படுபவர் கண்ணும் தனித்தனியாகத் தெரியும். பழைய இலக்கணத்தில் பெண்ணின் ஏழு பருவங்களில் கடைசியான பேரிளம்பெண் 32–40தான். அதற்கு மேல் பருவப் பெயரே இல்லை!

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2009இல் முதுமை எந்த வயதில் தொடங்குகிறது என்று கேட்டபோது 30 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 60 என்றார்கள், 65 தாண்டியவர்கள் 74 என்றார்கள். 2024இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு அதே ஆட்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தது. 64 வயதில் முதுமை ஏறக்குறைய 75இல் தொடங்கும் என்றவர்கள், 74 வயதில் ஏறக்குறைய 77 என்றார்கள். நாம் நடக்க நடக்க எல்லைக்கல்லும் நகர்கிறது. உங்கள் மூன்று பிரிவிலும் இந்த நகர்வு தெரிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இன்னொன்று: 65க்கு மேற்பட்டவர்கள் வயதை 65, 70, 75 என்று முழு எண்ணாகவே சொல்வார்கள். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். "தனுஷ்கோடி புயலப்போ (1964 டிசம்பர்) பள்ளிக்கூடம் போயிட்டிருந்தீங்களா? அண்ணா இறந்தப்போ (1969) எத்தனாவது?" என்று கேட்டு ஆண்டைப் பிடியுங்கள்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் "இல்லை" என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். உளவியலாளர்கள் புரோட்ஸ்கோ, ஸ்கூலர் இருவரும் 2019இல் அமெரிக்கப் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், நிறைய வாசிப்பவர்கள்தான் "பிள்ளைகள் வாசிப்பதில்லை" என்று அதிகம் நினைத்தார்கள். அதிகாரத்தை மதிப்பவர்கள்தான் "மரியாதை போச்சு" என்றார்கள். தனக்கு எது கைவந்ததோ அது அன்று எல்லோருக்குமே இருந்ததாக நினைவு சொல்லிவிடுகிறது. வாசிப்பறிவில் மதிப்பெண் குறைவு என்று காட்டப்பட்டவர்களிடம் இந்தக் குறைபேச்சு தணிந்தது.

ஆகவே, பதில் சொல்பவரின் வாசிப்பையும் அளக்க வேண்டும். 30 பெயர் கொண்ட பட்டியல் போடுங்கள்: 20 நிஜத் தமிழ் எழுத்தாளர்கள், 10 நீங்களே கட்டிய பெயர்கள். தெரிந்தவர்களை டிக் அடிக்கச் சொல்லுங்கள். சரியானதற்கு 1 கூட்டி, கட்டிய பெயருக்கு 1 கழியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களைத் தனியே வையுங்கள். பிறகு, "அன்று உங்கள் வகுப்பில் 40 பேர் என்றால், பாடப்புத்தகம் தவிர வேறு படித்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இன்றைய வகுப்புக்கும் அதையே கேளுங்கள். அந்த இரண்டு எண்ணின் வித்தியாசத்தைப் பட்டியல் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஆனால் வாசிப்பு நிஜமாகவே குறைந்திருந்தால்? எல்லாமே பார்வைக் கோளாறு என்று எழுதிவிட முடியுமா?

பதில் 3:
முடியாது, எழுதவும் கூடாது. பிள்ளைகளின் படிப்பறிவை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில், கிராமப்புற இந்தியாவில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 50.5 சதவீதம், 2022இல் 42.8. இந்தச் சரிவு உண்மை. அதற்கிடையில் கொரோனாவில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அது காலத்தின் அடி, தலைமுறையின் குணம் இல்லை. பெரியவர்களின் நினைவை வைத்து இதைப் பிரிக்க முடியாது. இன்றைய 10 வயதை அன்றைய 10 வயதோடு, ஒரே தேர்வு வைத்து ஒப்பிட்டால்தான் முடியும். இன்றைய 20ஐ இன்றைய 60உடன் ஒப்பிட்டால் வயதும் தலைமுறையும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் 60 பேரிடம் கிடைப்பது பார்வையின் அளவு மட்டும். தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

பேட்டியின்போது மருமகளோ பேரனோ பக்கத்தில் இருந்தால் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேரன் காதில் விழட்டும் என்றே சொல்லும் பதில்கள் நிறைய உண்டு.