மிச்சம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த 500 ரூபாய்

நாங்கள் தண்டையார்பேட்டை. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஒரு டெய்லர் கடையில் காஜா பட்டன் வேலை பார்க்கிறேன். அத்தை, பையன், பொண்ணு என்று மொத்தம் அஞ்சு பேர். மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் சேர்ந்து வெளியே போய்ச் சாப்பிட வேண்டும் எனக்கு. அதை வீண் செலவு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு ஏசி ஹோட்டலுக்குப் போனோம். உட்கார்ந்ததுமே கேட்காமலேயே ரெண்டு தண்ணி பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டார்கள். பையன் ஒன்பதாவது, நல்லா சாப்பிடுகிற வயசு. மெனு கார்டை வாங்கி, விலை போட்டிருந்த பக்கமாகவே விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு போனான், அப்புறம் மூடி வைத்துவிட்டு "பசியில்லம்மா, ஒரு தோசை போதும்" என்றான். வீட்டுக்கு வந்து பழைய சோறு போட்டுச் சாப்பிட்டான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் விலை தெரியாத கடைக்குள் நுழைவதில்லை. மாசக் கடைசியில் கை காய்ந்திருந்தால் அம்மா உணவகம்: சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். கையில் கொஞ்சம் இருந்தால் பர்மா பஜார் பக்கம் அத்தோ, அதாவது பர்மாக்காரர்கள் செய்கிற நூடுல்ஸ், சாப்பிடப் போவோம். சாதா பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் பாரிமுனை வரைக்கும் வீட்டுக்காரர், பையன் ரெண்டு பேருக்குத்தான் செலவு. தண்ணி வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுவோம்.

போன மாசம் கிளம்பும்போது 500 ரூபாய்த் தாளைப் பையன் கையிலேயே கொடுத்தேன். "இது முழுக்கச் சாப்பாட்டுக்குத்தான், மிச்சம் கொண்டுவரக் கூடாது" என்றேன். அவன் முகம் மாறினதைப் பார்க்கணுமே.

அத்தோ போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பசி ஏறும். பேசினில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் விட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயம் வைத்துத் தருவதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் எண்ணெய் சட்டையில்தான். பையன் யாரையும் கேட்காமல் நாலு முட்டை வாங்கிச் சாப்பிட்டான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அத்தை சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு என்னவோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. கடைக்காரப் பெரியவர் சட்டென்று நிமிர்ந்து, "ரங்கூனா அம்மா?" என்றார். அத்தை ஏழு வயசில் கப்பலில் வந்தவர்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு, இருந்ததை விட்டுவிட்டுக் கிளம்பி வந்த குடும்பம். வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். பெரியவர் "நேகௌன்லா?" என்று கேட்க, அத்தை "கௌன்பாதே" என்றார்கள். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், அவ்வளவுதானாம் அர்த்தம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவர் இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றி வைத்தார், காசு வாங்கவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது பையன் கையில் 40 ரூபாய் மிச்சம். "கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்று சொல்லி அதற்கும் முட்டை மசாலா கட்டி வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வீடு வரைக்கும் பொண்ணு அத்தை மடியில் சாய்ந்துகொண்டு, "நேகௌன்லா ஆயா? நேகௌன்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அத்தையும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.