பென் டிஸ்ப்ளே என்பதற்கு ‘வரைதிரை’: கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஓவியர்களுக்கு, கருவி வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து வருகிறேன். இதழ்களுக்கு வரைபவர்கள், படக்கதை செய்பவர்கள், அசைவூட்டக் கூடங்களில் பணியாற்றுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்படும் அந்தக் கையேட்டின் தலைப்பிலேயே முட்டி நிற்கிறேன். திரையின்மேல் பேனாவை வைத்து நேரடியாக வரைய உதவும் கருவியைப் ‘பென் டிஸ்ப்ளே’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். கடையில் கேட்டால் ‘டிராயிங் டேப்’ என்று எடுத்துத் தருகிறார்கள். எந்த நிறுவனத்தின் கருவியாயினும் ‘வாகோம்’ என்றே சொல்லிப் பழகிய ஓவியர்களும் உண்டு.

இந்தப் பெயர்க் குழப்பம் வாங்குபவரின் பணத்தில் போய் முடிகிறது. ‘டேப்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கருவிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது திரையே இல்லாத தட்டையான பலகை. கை பலகையின்மேல் இருக்கும், கண் எதிரே உள்ள கணினித் திரையில் இருக்கும். இரண்டாவதில் திரை உண்டு, கணினி இல்லை. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி கம்பிகளாலோ, படத்தையும் சேர்த்துக் கடத்தும் யூஎஸ்பி-சி கம்பியாலோ ஒரு கணினியோடு இணைத்தால்தான் அது வேலை செய்யும். மூன்றாவது, ஐபேட் போலத் திரையும் கணினியும் ஒன்றாக அமைந்து தனித்தே இயங்குவது. இரண்டாவதை மூன்றாவது என்று எண்ணி வாங்கி வந்து, பொத்தானை அழுத்திவிட்டு, ‘சிக்னல் இல்லை’ என்று மிதக்கும் எழுத்துகளைப் பார்த்துத் திகைப்பவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இப்பெயர் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. 1963இல் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லேண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ‘ஸ்கெட்ச்பேடு’ என்ற வரைகலை நிரலைச் செய்தபோது, ஒளிப்பேனாவைக் கொண்டு திரைமேலேயே வரைந்தார். அடுத்த ஆண்டில் வந்த ராண்டு நிறுவனத்தின் பலகையோ, கம்பிவலை பதித்த தட்டு ஒன்றின்மேல் வரையும் முறையைக் கொண்டுவந்து கையையும் கண்ணையும் பிரித்துவிட்டது. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகோம் நிறுவனம் 2001இல் ‘சின்டிக்’ வரிசையை வெளியிட்ட பின்னரே, பிரிந்த இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கிய கருவி ஓவியர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. ஆகவே கம்பிவலைப் பலகையும் திரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதுதான் இக்கருவியின் உடற்கூறு என்பதையும், நாம் வைக்கும் பெயர் திரையைச் சுட்டியாக வேண்டும் என்பதையும் முதலில் ஏற்றுக்கொள்வோம்.

இதுவரை குழுமத்தில் வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன். ‘எழுத்தாணித் திரை’ கேட்க இனிது; எனினும் ஓலையைக் கீறும் கூர்முனையை நினைவூட்டும் சொல்லைக் கண்ணாடித் திரையோடு சேர்த்தால், வாங்குபவருக்குக் கீறல் பற்றிய கவலைதான் முதலில் வரும். பேனாவைத் தூவல் என்று சொல்லும் தனித்தமிழ் அன்பர்களுக்குத் ‘தூவல் திரை’ உவப்பானது. கடைக்காரரிடம் சொன்னால் மேலும் இரண்டு வாக்கியம் விளக்க வேண்டியிருக்கும். ‘பேனாத் திரை’ புரியும், ஆனால் என்ன செய்வதற்கான திரை என்பதைச் சொல்லாது. ‘வரைப்பட்டிகை’ என்பது டேப்லட் கணினிக்கும் ஏற்கெனவே சிலரால் ஆளப்படுவதால் மூன்று கருவிகளையும் மறுபடி ஒரே மூட்டையில் கட்டிவிடும்.

என் முன்மொழிவு ‘வரைதிரை’. தொடுதிரை என்ற சொல் எந்த விளக்கமுமின்றி மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. அதே அச்சில் வார்த்ததுதான் இது. வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது: தொடுதிரை, வரைதிரை. இதே வழியில் திரையற்ற பலகையை ‘வரைபலகை’ என்றும், தனித்தியங்குவதை ‘வரைகணினி’ என்றும் வைத்துக்கொண்டால், பெயரின் பின்பாதியைக் கேட்டதுமே கையில் வரப்போவது என்ன என்பது தெரிந்துவிடும். விரலால் தொட்டும் இயக்கக்கூடிய வரைதிரைகள் இருப்பதால், ‘தொடுவசதியுள்ள வரைதிரை’ என்று அடைமொழி கொடுத்து எழுதவும் இடம் இருக்கிறது.

தலைச்சொல்லோடு வரும் துணைச்சொற்களுக்கு இன்னும் கவனம் தேவை, ஏனெனில் எதை வாங்குவது என்ற முடிவு அவற்றில்தான் இருக்கிறது.

பேனா முனை கண்ணாடியைத் தொடும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் இடையே தெரியும் விலகலுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘இடமாறு தோற்றப்பிழை’ என்று இயற்பியல் பாடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக நாமெல்லாம் படித்த அதே சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. கண்ணாடிக்கும் படப்புள்ளிகளுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் விலகல் கூடும். கண்ணாடியைத் திரையோடு ஒட்டிவிட்டால் குறையும், கண்ணாடியின் தடிப்பளவுக்கு எஞ்சியும் நிற்கும். இவ்வாறு ஒட்டியதை ‘முழுஒட்டுத் திரை’ எனலாம். கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான இயக்கியில் உள்ள அளவுத்திருத்தம் ஒரு குறிப்பிட்ட கண்நிலைக்கு மட்டுமே விலகலைச் சரிசெய்யும் என்பதால், நிமிர்ந்து உட்கார்ந்து திருத்திவிட்டுப் பிறகு குனிந்து வரைபவருக்கு முனை மறுபடியும் விலகித்தான் தெரியும். வரையும் இருப்பில் அமர்ந்துதான் திருத்த வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடவிருக்கிறேன்.

அடுத்தது அழுத்தம். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 8192, 16384 ஆகிய எண்களை ‘அழுத்தப்படிகள்’ எனலாம். 2048 படிகள் இருந்த காலத்திலேயே தேர்ந்த ஓவியர்கள் குறையின்றி வரைந்தார்கள். படிகள் இரட்டிப்பானதைக் கை உணர்வது அரிது. கை உண்மையில் உணர்வது, கோடு விழத் தொடங்குவதற்கு எவ்வளவு மெல்லிய தொடுகை போதும் என்பதைத்தான். பென்சிலின் எடையைக்கூட முழுதாக இறக்காமல் கன்னத்தின் நிழலைத் தேய்ப்பவருக்கு, சில கிராம் விசை கொடுத்த பின்பே விழித்துக்கொள்ளும் பேனா உதவாது. இந்தக் குறைந்தபட்ச விசைக்கு ‘தொடக்க விசை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது உண்டா என்று கேட்கிறேன்.

மின்கலம் இல்லாத பேனா எப்படி இயங்குகிறது என்பதற்கு ‘மின்காந்த ஒத்ததிர்வு’ என்ற பாடநூல் சொல்லே போதும். திரைக்குப் பின்னாலுள்ள கம்பிச்சுருள்கள் ஒரு கணம் சைகையை அனுப்பி, மறுகணம் அனுப்புவதை நிறுத்திக் காதுகொடுக்கின்றன. பேனாவுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அந்த ஆற்றலை வாங்கி அதிர்ந்து விடை சொல்கின்றன. முனையை அழுத்தும்போது விடையின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. கம்பிச்சுருள்களுக்கு இடைப்பட்ட இடத்தைக் கருவி கணக்கிட்டே அறிவதால், அளவுகோல் வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் மலிவான சில கருவிகளில் கோடு பாம்பாக நெளியும். கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. இதற்குக் ‘கோட்டு நெளிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கருத்துகளை எதிர்நோக்கி,
அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்

மறுமொழி 1

ஐயா, வணக்கம்.

இருபது விழுக்காடு கோடும் எண்பது விழுக்காடு வண்ணமுமாக வேலை செய்யும் ஓவியர் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ‘வரை’ என்றதும் கோடு, வரைபடம், பொறியாளரின் வரைவு என்றுதான் மனம் ஓடுகிறது. வண்ணம் தீட்டுபவர் இக்கருவியைத் தமக்குரியதாக எண்ணுவாரா? தமிழில் ஓவியத்துக்குரிய பழைய வினை ‘எழுதுதல்’ அல்லவா? கண்ணுக்கு மை எழுதுகிறோம், சித்திரம் எழுதுகிறோம். திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்த மண்டபத்தைப் பரிபாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்றே சொல்கிறது. இத்தனை வளமான சொல் கையில் இருக்கும்போது ‘எழுதுதிரை’ என்று வைத்தால் கோடும் வண்ணமும் ஒருங்கே அடங்கும். வினைத்தொகை இலக்கணமும் கெடாது.

அழுத்தப்படிகள், கோட்டு நெளிவு ஆகியவற்றில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லையே? அச்சுக்கு அனுப்பிய அட்டைப்படத்தில் கடல்நீலம் மங்கிப்போய் வந்தால், பேனாவின் தொடக்க விசையைக் கொண்டு என்ன செய்வது? மேலும், மே மாதச் சென்னையில் வியர்த்த உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதால் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் வரைகிறேன். திரையின் மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அன்புடன்,
ஓவியர் ஒருவர்

மறுமொழி 2

அம்மா, வணக்கம். தங்கள் மறுப்புக்கு நன்றி.

எழுதுதல் என்ற வினையின் பழம்பொருளை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று ‘எழுதுதிரை’ என்று கேட்பவர், கையெழுத்து இடுவதற்கான திரையைத்தான் எண்ணுவார். அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருக்கிறது: வாடிக்கையாளரிடம் மின்கையொப்பம் வாங்குவதற்காகச் சிறு திரையும் பேனாவும் சேர்த்துச் செய்யப்படும் பெட்டிகளை வாகோம் நிறுவனமே விற்கிறது. எழுதுதிரை அதற்கு அச்சாகப் பொருந்தும் பெயர் என்பதால், அச்சொல்லை அதற்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன். வரைதல் கோட்டோடு நின்றுவிடுகிறது என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பள்ளியில் ‘ஓவியம் வரைக’ என்றால் குழந்தைகள் வண்ணப் பெட்டியையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார்கள்.

நிறம் பற்றிய தங்கள் குறை நியாயமானது. ஒரு திரையால் காட்டக்கூடிய நிறங்களின் பரப்புக்கு ‘நிறவீச்சு’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். விற்பனைத் தாளில் ‘99 விழுக்காடு’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை; எதன் 99 விழுக்காடு என்று பார்க்க வேண்டும். வலைத்தளத்துக்கு மட்டும் வரைபவருக்கு எஸ்ஆர்ஜிபி என்ற தரநிலையின் நிறவீச்சு போதும். அச்சு மையால் காட்ட முடிகிற பசுநீல நிறங்களில் சில அதற்கு வெளியே இருப்பதால், அட்டைப்படம் செய்பவர் அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி தரநிலையின் நிறவீச்சை எந்த அளவு திரை எட்டுகிறது என்று கேட்க வேண்டும். திரைப்படப் பணியில் இருப்பவருக்கு டிசிஐ-பி3 என்ற தரநிலை முக்கியம். 2022இல் வந்த சின்டிக் புரோ 27 போன்ற உயர்விலைக் கருவிகள் அச்சு, திரைப்படம் இரண்டையும் குறிவைத்துச் செய்யப்பட்டவை; படக்கதைக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு மட்டும் போடுபவர் அந்த விலையைக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. அகன்ற நிறவீச்சு உள்ள திரையையும் நிறமானி கொண்டு அவ்வப்போது அளந்து திருத்தாவிட்டால், அட்டைப்பட நீலம் மறுபடியும் ஏமாற்றலாம்.

மேற்பரப்புக்குச் ‘சொரசொரப்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டாலே விரல்நுனி புரிந்துகொள்கிறது. ஒளி தெறிப்பதைக் குறைப்பதற்காகச் செதுக்கப்பட்ட கண்ணாடியை ‘செதுக்குக் கண்ணாடி’ எனலாம். தாளில் வரைவது போன்ற பிடிப்பை அது தந்தாலும், சொரசொரப்பு மிகுந்தால் முனை விரைவில் தேயும், திரையில் மெல்லிய மினுமினுப்பும் தோன்றும். தங்கள் கையுறையை ‘இருவிரல் கையுறை’ என்று கையேட்டில் சேர்த்துவிடுகிறேன்.

திரையின் மொத்தப் புள்ளி எண்ணிக்கையான பிரிதிறனைத் தனியாகச் சொல்வதைவிட, அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். 1920 x 1080 புள்ளிகள் 15.6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 ஆக அமையும். அதே புள்ளிகளை 21.5 அங்குலத்தில் பரப்பினால் 102 ஆகக் குறைந்து, முகத்தை அருகில் வைத்து வரைபவருக்குப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். இந்த அளவைப் ‘புள்ளிச்செறிவு’ என்று எழுதியிருக்கிறேன்.

தலைச்சொல்லுக்கான பதிவைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்:

வரைதிரை: தன்மேல் பேனாவால் நேரடியாக வரையும்படி அமைந்த, கணினியோடு இணைத்தே பயன்படுத்த வேண்டிய காட்சித்திரை. திரையில்லாதது வரைபலகை, தனித்தியங்குவது வரைகணினி.

‘தொடக்க விசை’ பற்றி இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இயற்பியல் கற்பிப்பவர்கள் எவரேனும் இக்குழுமத்தில் இருந்தால், ‘பயன்தொடக்க விசை’, ‘சிறும விசை’ ஆகியவற்றுள் எது பொருந்தும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் அச்சுக்கோக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்