நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள் கால்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறீர்கள்?

கண்டாங்கி, மதுரை

துணிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அதற்கும் மேலே. "தினமும் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. எதிலிருந்து ஒதுக்குவது? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் நேரத்திலிருந்தா?

சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அப்படியே பதிந்துபோகும். கெண்டைக்காலில் நரம்பு நெளிநெளியாகப் புடைக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனேன். நடந்தால்கூடப் பரவாயில்லை, அசையாமல் நிற்பதுதான் கெடுதல் என்றார். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடுமாம். சும்மா நின்றால் அந்த வேலை நடக்காது, ரத்தம் கீழேயே தேங்கும்.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. கஸ்டமர் முந்தானையைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் "இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்குமா" என்று கேட்டு, போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பி, அவர் பதில் போடும்வரை நமக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். கட்டியிருக்கும் சேலை மறைத்துவிடும், சூப்பர்வைசர் கண்ணிலும் படாது. வீட்டுக்குப் போனால் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, விசில் வரும்வரை சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்துவிடுவேன். முதலில் மாமியார் ஒரு மாதிரி பார்த்தார். இப்போது அவரும் பக்கத்தில் பாய் விரிக்கிறார்.

மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

இரவுப்பணி, திருச்சி

நான் நர்ஸ். எங்கள் வார்டிலும் இதே கதைதான். அக்கா சொன்ன இரண்டும் நல்லது. வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கால் வைப்பதையும் நிறையப் பேர் செய்வார்கள், அலுப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரை இருப்பவர்கள் கவனம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. பக்கெட்டில் காலை வைத்தபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பாதம் கொப்பளித்த பிறகுதான் எங்களிடம் வந்தார். "சுடவே இல்லையேம்மா" என்று அவர் சொன்னது பொய்யில்லை. வீட்டில் வேறு யாராவது கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் வெந்நீரே வேண்டாம்.

நரம்புப் புடைப்புக்கு இறுக்கமான சாக்ஸ் கொடுத்திருந்தால் காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மத்தியானம் வீங்கிய காலில் ஏற்றப் பார்த்தால் போராட்டம்தான். டாக்டர் அளவு சொல்லாமல் நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் அதைப் போட்டுத் திரிவது தனி வேதனை, ஒத்துக்கொள்கிறேன்.

தடம்எண், விழுப்புரம்

கண்டக்டர் வேலை. ஓடுகிற வண்டியில் நிற்பதால் கால் எப்படியும் அசைந்துவிடுகிறது. எனக்குப் பிரச்சினை தண்ணீர். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று குடிக்காமலே இருந்து, கிட்னியில் கல் வந்து, வலியில் துடித்தாயிற்று. இப்போது டிரிப் முடிந்து டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கும்போதே பாட்டிலில் பாதியைக் குடித்துவிடுவேன். அடுத்த டிரிப் கிளம்பும்முன் பஸ் ஸ்டாண்டிலேயே போய்வந்துவிடலாம். அந்தக் கழிப்பறையின் லட்சணத்தைப் பற்றி எழுதினால் சாப்பாடு இறங்காது, விடுங்கள்.

நூல்கண்டு, கோவை

கண்டாங்கி அக்கா, உங்கள் கடையில் ஸ்டூல் போடவில்லையா? 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது சட்டம். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது.

முன்பு நான் இருந்த கடையிலும் ஸ்டூல் வந்தது. வந்த வாரமே அதன்மேல் ஜாக்கெட் பிட் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். யார் எடுத்துக் கீழே வைப்பது? கடைசியில் வயதில் பெரிய அக்கா ஒருவர் தினமும் கடை திறந்ததும் பெட்டிகளை இறக்கிவைக்க ஆரம்பித்தார். மேனேஜர் கேட்டால் "தூசி தட்டுறேன் சார்" என்பார். மெல்ல மெல்ல நாங்களும் உட்கார்ந்தோம். காலைத் தூக்கி இறக்குவதெல்லாம் சரிதான் அக்கா, ஆனால் உட்கார இடம் தர வேண்டியது கடைக்காரரின் வேலை. அதையும் நம் தலையில் கட்டக் கூடாது.

கண்டாங்கி, மதுரை

ஸ்டூல் இருக்கிறது தங்கச்சி, இரண்டு கவுன்ட்டருக்கு ஒன்று. முறை வைத்துத்தான் உட்காருகிறோம். தனித்தனியாகப் போனால் எடுபடாது என்று, இந்த முகூர்த்த சீசன் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்பதாக இருக்கிறோம். அதுவரை கவுன்ட்டருக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்து நிற்கிறேன், இடுப்பு வலி குறைந்திருக்கிறது. முதலில் அட்டைப்பெட்டி வைத்திருந்தேன், மத்தியானத்துக்குள் அமுங்கிவிட்டது. பலகையே வையுங்கள்.