புதுப்பிப்பு: எர்ணாவூர் (வடசென்னை கடலோரம்) வீட்டு மாடி சோலார்

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பாழான வீட்டைத் திரும்பக் கட்டும்போது மாடியில் சோலார் போடலாமா என்று கேட்டிருந்தேனே, போட்டாச்சு. 2 கிலோவாட், மத்திய அரசின் வீட்டு மாடி சோலார் திட்டமான பிஎம் சூர்யா கரில் மானியம் 60,000 ரூபாய். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கிற ஆன்-கிரிட் அப்படித்தான், பேனல் கரண்ட் லைனுக்குப் போய் அங்கே வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதே. பேனல் கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரையும் மீட்டர் போர்டையும் சுவரில் இருந்த வெள்ளக் கறைக்கு நன்றாக மேலே மாட்டச் சொல்லிவிட்டேன். அப்புறம், சாதாரண இரும்பு ஸ்டாண்ட் கடல் காற்றுக்குத் தாங்காது, நம்ம ஏரியா ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும், அதனால் அலுமினிய ஃப்ரேம், ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள். மீதி மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தோம், மத்தியானத்திலும் மேல் அறையில் உட்கார முடிகிறது. பேனலில் உப்பும் தூசியும் படியும்; வெயில் ஏறும் முன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும்.