செவித்திறன் பிராக்டிகல் தேர்வு: மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதிவைத் தொடங்கியவர் (ஆடியாலஜிஸ்ட், சேலம்)

வருஷத்தில் இரண்டு மூன்று முறை பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சுத்திறன் பட்டப்படிப்பு) மாணவர்களின் பிராக்டிகல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போகிறேன். இந்த மாணவருக்குக் காதைச் சோதிக்கத் தெரியுமா, இல்லை ஆடியோமீட்டரை (செவித்திறன் அளக்கும் கருவி) இயக்க மட்டும்தான் தெரியுமா? ஒவ்வொரு தேர்வு முடிந்து பஸ் ஏறும்போதும் இந்தக் கேள்வி கூடவே வருகிறது. நான் முதலில் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முதலில் நான் பார்ப்பது கையை. ஓட்டோஸ்கோப்பை (காதுக்குள் பார்க்கும் கருவி) பிடித்த கையின் சுண்டுவிரல் நோயாளியின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும். அவர் சட்டென்று தலையைத் திருப்பினாலும் கையும் கூடவே போகும், காதுக்குள் குத்தாது. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், சின்னக் குழந்தைக்குக் கீழ்ப்பக்கமாக. இதையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறார்கள்.

தடுமாறுவது பேச்சில்தான். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று மட்டும் சொல்லி ஹெட்போனை மாட்டினால், வயதான அய்யா ஒருவர் நன்றாகக் கேட்கிற வரை காத்திருப்பார். "ரொம்ப மெல்லிசா, கேட்ட மாதிரி இருந்தாலே அமுக்குங்க, தப்பானாலும் பரவாயில்லைங்க" என்று சேர்த்துச் சொன்னால் அதே காதில் 10 டெசிபெல் வித்தியாசம் வருவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் 10 டெசிபெல் இறங்கு, கேட்காவிட்டால் 5 ஏறு என்று கார்ஹார்ட்டும் ஜெர்கரும் 1959இல் எழுதிய முறை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஒரே இடைவெளியில் தாளம் போட்ட மாதிரி சத்தத்தை அனுப்பினால், நோயாளி அந்தத் தாளத்துக்குத்தான் அமுக்குவார்.

நோயாளி கிடைக்கவில்லை என்று சக மாணவரையே உட்கார வைத்துத் தேர்வு நடத்தும் வழக்கமும் இருக்கிறது. அது இருபது வயதுக் காது. எப்போது அமுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் வேறு. என்னைக் கேட்டால் இதை அடியோடு விட வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் குழுவினர் 1975இல் எழுதிய ஓஸ்கி (OSCE) என்ற மருத்துவத் தேர்வு முறையில், மாணவர்கள் சில நிமிடத்துக்கு ஒரு மேசை என்று சுற்றி வருவார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் தாள், அதனால் நியாயமானது. ஆனால் வந்த விடையைச் சந்தேகிக்க அதில் நேரம் கிடைப்பதில்லை.

அந்தச் சந்தேகத்தை நான் பார்த்தது ஏற்காட்டில், ஒரு பள்ளி முகாமில். இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேரை அகமதிப்பீட்டுக்காக அழைத்துப் போயிருந்தேன். வைவா (வாய்மொழித் தேர்வு) பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது. "ஏறும்போது அடைப்பது சீக்கிரம் விட்டுவிடுகிறது, இறங்கும்போது ஏன் அதிகம் படுத்துகிறது?" என்று கேட்டேன். ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து ஈஸ்டேசியன் குழாய் வழியே தானாக வெளியேறும். இறங்கும்போது எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ நாம்தான் குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். ஒரு பையன் அதோடு நிற்கவில்லை. சளியோடு மலை இறங்கியவருக்கு டிம்பனோமெட்ரி (நடுக்காது அழுத்தச் சோதனை) எடுத்தால் வரைபடத்தில் மேடு இடப்பக்கம் தள்ளி சி வகையாக, அதாவது நடுக்காதில் அழுத்தம் குறைந்ததாக வரலாம் என்றான். சந்தோஷமாக இருந்தது.

பள்ளியில் ஆளுக்கு ஒரு ஆடியோமீட்டர், 25 டெசிபெல்லில் மூன்று அதிர்வெண்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரின் தாளிலும் பிள்ளைகள் வரிசையாக 4000 ஹெர்ட்ஸில் தவறியிருந்தார்கள். மூவரும் அதை அழகாகப் பதிவு செய்து, மேல் பரிசோதனை தேவை என்று எழுதிவிட்டார்கள். நாலாவது மாணவி கொஞ்சம் மெதுவானவள், அதற்குள் ஆறு பிள்ளைகளைத்தான் முடித்திருந்தாள். ஏழாவது பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஹெட்போனைத் தன் காதில் மாட்டிப் பார்த்தாள். 4000 அவளுக்கே கேட்கவில்லை. எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சில்வர் ஓக் மரங்களில் சில்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆடியோமீட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே இருந்த ஸ்டோர் ரூமுக்குப் போய் அந்த ஆறு பேரையும் மறுபடி சோதித்தாள். ஐந்து பேருக்குக் கேட்டது. கேட்காத ஒருத்திக்குத்தான் நிஜமாகவே சிகிச்சை தேவைப்பட்டது.

என் மதிப்பெண் தாளில் ஓட்டோஸ்கோப்புக்கு இடம் இருந்தது, மாஸ்கிங்குக்கு (ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காதை இரைச்சலால் மறைப்பது) இருந்தது, வேகத்துக்குக்கூட இருந்தது. இதற்கு இல்லை. ஓரத்தில் எழுதி முழு மதிப்பெண் போட்டேன்.

இன்டர்ன், ஓமலூர் பக்கம்

சார், நான் பிராக்டிகலில் ஃபெயில் ஆனவன். காரணத்தைச் சொல்கிறேன், ஜூனியர்களுக்கு உதவும்.

எனக்கு வந்தவர் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்த ஒரு அக்கா. இடது காது நன்றாக இருந்தது. வலது காதில் ஹெட்போன் வழியே 60 டெசிபெல்லில்தான் கேட்டது, காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும் வைப்ரேட்டர் வழியே 10லேயே கேட்டது. இடைவெளி பெரிதாக இருக்கிறதே என்று கடத்தல் வகைக் குறைபாடு (உள்காது நன்றாக இருந்தும் சத்தம் அங்கே போய்ச் சேராதது) என எழுதி, ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்கவும் என்று முடித்துவிட்டேன். கோடெல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தேன்.

எக்ஸ்டர்னல் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த 10 எந்தக் காது சொன்ன பதில் தம்பி?" எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. வைப்ரேட்டரை வலது காதுக்குப் பின்னால் வைத்தாலும் மண்டையோடு முழுக்க அதிரும், இரண்டு உள்காதுக்கும் போகும். ஹெட்போன் சத்தமும் 40 டெசிபெல்லுக்கு மேல் போனால் மறுபக்கம் கசியலாம். நான் அளந்தது முழுக்க இடது காதைத்தான். இடது காதில் இரைச்சல் கொடுத்து மறைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். வலதில் பதிலே இல்லை. மேடம் 512 ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி அவர் நெற்றியில் வைத்தார். "இடது பக்கம் கேக்குதுங்க" என்றார் அக்கா. கடத்தல் வகையாக இருந்தால் குறையுள்ள வலது பக்கம்தான் கேட்டிருக்கும். பழுது உள்பக்கம், கடத்தலில் இல்லை.

ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினேன். என்னை ஃபெயில் ஆக்கியது முழுக்க நியாயம். அந்த அக்காவை ஒன்றுக்கும் உதவாத ஆபரேஷன் வரை அலைய விட்டிருப்பேன்.

ஜலகண்டாபுரத்திலிருந்து

நான் இந்தத் துறை இல்லை. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு தேர்வுக்கு நோயாளியாக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கூட நான் போனேன்.

முதல் பையன் காதுகிட்ட வந்து கத்தினான். அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அடுத்து வந்த பெண் எதிரில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். சோதனையில் அப்பா சத்தம் இல்லாத நேரத்திலும் அமுக்கிக்கொண்டே இருந்தார். அவள் சலித்துக்கொள்ளவில்லை. ஹெட்போனைக் கழற்றி, "அய்யா, சும்மா இருக்கும்போதும் காதுல ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்குங்களா?" என்றாள்.

"தறி நின்னாலும் தறி ஓடற மாதிரியேதான் கேக்குது கண்ணு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அம்மாவுக்குக்கூட. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்புறம் அவள் விட்டு விட்டு வருகிற சத்தமாக மாற்றி, "டொய்ங் டொய்ங்னு வர்றதுக்கு மட்டும் அமுக்குங்க" என்றாள். அதன் பிறகு அப்பா தடுமாறவில்லை. வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸுக்கு நேரே பள்ளம் விழுந்திருப்பதைக் காட்டி, சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் இங்கேதான் குறையும் என்று அவருக்கே புரிகிற மாதிரி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள் என்று தெரியவில்லை. நிறையப் போட்டிருக்க வேண்டும்.

பதிவைத் தொடங்கியவர்

அடுத்த தேர்வுக்கான தாளில் இரண்டு வரி சேர்த்துவிட்டேன்: காதில் இரைச்சல் உண்டா என்று கேட்டாரா, ஹெட்போனைத் தன் காதில் மாட்டிப் பார்த்தாரா. ஓமலூர் தம்பி, உங்கள் கேஸை வைவாவில் கேட்கப் போகிறேன்.

ஜலகண்டாபுரம் சகோதரிக்கு: அப்பா இன்னும் தறிக்குப் போகிறார் என்றால் காதில் பஞ்சு வைக்கச் சொல்லாதீர்கள், அது போதாது. நுரை இயர்பிளக் வாங்குங்கள். அதை உருட்டிச் சின்னதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரிகிற வரை விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்களே போட்டுவிடுங்கள். தறிச் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.